பட்டினிப் பாத்தி

பன்னிரண்டாம் பாத்திக்கு உரம் போட்டது யார்? ஐந்து வருஷமாக இதை எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டு வருகிறேன். சில நாள் நான்தான் போட்டேன் என்று தோன்றுகிறது. சில நாள் நானும் போடவில்லை, வேறு எவரும் போடவில்லை என்று தோன்றுகிறது. இந்த இரண்டாவது எண்ணம் வருகிற நாளில் பிள்ளைகளை வாசலுக்கு விட எனக்கு மனம் வருவதில்லை.

நடந்ததை ஒழுங்காகச் சொல்லப் பார்க்கிறேன். எவருடைய பெயரையும் எழுதப்போவதில்லை. எந்தத் தோட்டம் என்றும் சொல்லமாட்டேன். தெமோதரை ஸ்டேஷனில் இறங்கி மேலே நடந்தால் வருகிற தோட்டங்களில் ஒன்று என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இதைப் படிக்கிறவர்களில் அந்தப் பக்கத்தார் இருந்தால், ஊகித்தாலும் வெளியே பேசவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

என் கணவர் விவசாயப் போதனாசிரியர். நாங்கள் இருவரும் யாழ்ப்பாணத்தார். கலியாணமான மறுவருஷம் அவருக்குப் பதுளைக்கு மாற்றம் வந்தது. வந்து சில மாதத்துக்குள் மேலிடத்திலிருந்து ஒரு வேலையை அவர் பொறுப்பில் விட்டார்கள். ஊவாவில் ஆனி, ஆடி மாதங்களில் காற்று அடித்தால் புல் கருகிப் போகும். மாடுகள் எலும்பும் தோலுமாகிவிடும். அதற்காக வெளிநாட்டிலிருந்து இனிப்பு இறுங்கு விதை தருவித்திருந்தார்கள். இறுங்கு என்று நாங்கள் சொல்வதைத் தோட்டத்தார் சோளம் என்பார்கள். இது கரும்பு போலத் தண்டு இனிக்கிற சாதி. இரண்டு இனம். ஒன்று தடித்த தண்டு, மற்றது மெல்லிய தண்டு. எந்த இனத்துக்கு எவ்வளவு நைதரசன் உரம் போட்டால் எவ்வளவு பச்சைத் தீன் கிடைக்கும் என்று வளர்த்து, வெட்டி, நிறுத்துப் பார்க்கவேண்டும்.

தோட்டத்துத் துரை தேயிலை ஏறாத ஒரு புல் சரிவை அதற்குக் கொடுத்தார். அப்படிப்பட்ட சரிவை அங்கே பத்தனை என்பார்கள். பக்கத்தில் காலியாகக் கிடந்த கிளாக்கர் வீட்டில் நாங்கள் ஒரு போகம் தங்கலாம் என்றும் சொன்னார். மகளுக்கு அப்போது ஏழு மாதம். எனக்குக் காய்ச்சல் வந்து மூன்றாம் மாதமே பால் வற்றிப் போனதால் அவள் டின் பாலில் வளர்ந்துகொண்டிருந்தாள். என் கணவர் கிழமையில் நாலு நாள் பசறைப் பக்கம் சுற்றவேண்டியிருந்தது. நான் எஸ். எஸ். சி. வரை படித்தவள், கணக்கும் கையெழுத்தும் சுத்தம் என்று பரிசோதனைக் கொப்பியை என்னிடம் தந்துவிட்டார். எனக்கு அது பெருமையாக இருந்தது. கொப்பிக்கு உறை போட்டேன்.

சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பன்னிரண்டு பாத்தி. கீழே வண்டிப் பாதை ஓரத்தில் முதலாவது. உச்சியில், ஒரு கறுத்த பாறையை ஒட்டிப் பன்னிரண்டாவது. எட்டுக்கு உரம், நாலுக்கு ஒன்றுமில்லை. எது எதற்கு என்பதை மனிதர் விருப்பப்படி தீர்மானிக்கக்கூடாதாம். சீட்டுப் போட்டு எடுக்கவேண்டுமாம். என் கணவர் பன்னிரண்டு துண்டு எழுதித் தொப்பிக்குள் போட்டுக் குலுக்கினார்.

"எடும்," என்றார் என்னிடம்.

"நான் எடுக்கிறது முறையில்லை. ஊரிலை திருவுளச்சீட்டெண்டால் பிள்ளையைக் கொண்டெல்லோ எடுப்பிக்கிறது?"

அவர் சிரித்தார். "சரி. மேலிடத்துக்கு எழுதேக்கை அம்பாளின்ரை திருவுளம் எண்டு எழுதிவிடுறன்."

மகளை மடியில் வைத்துத் தொப்பியை நீட்டினேன். ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தாள். கடைசிச் சீட்டை மட்டும் தரவில்லை, வாயில் போட்டுக்கொண்டாள். விரலை விட்டு எடுத்து விரித்தோம். மை கரைந்து நீலமாகப் பரவியிருந்தாலும் எழுத்து தெரிந்தது. பன்னிரண்டாம் பாத்திக்கு "இல்லை".

பாத்தி கொத்துவதற்குக் கங்காணி நாலு பேரை அனுப்பியிருந்தார். இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள். பெண்களில் ஒருத்தி என் வயதுதான் இருப்பாள். அவளைப் பற்றித்தான் இந்தக் கதை. அதிகம் பேசமாட்டாள், வேலையில் கெட்டி. ஆனால் பன்னிரண்டாம் பாத்தியை மட்டும் அவள் மம்பட்டியால் கொத்தவில்லை. குந்தியிருந்து கைக் கரண்டியால் மேலோட்டமாகக் கீறிவிட்டாள். மற்றவர்கள் அந்தப் பக்கம் வராதபடி பார்த்துக்கொண்டாள். நான் அதைக் கண்டேன். சோம்பல் என்று நினைத்தேன். சொல்லிவிடலாமா, சொன்னால் அவளுக்குத் திட்டு விழுமா என்று இரண்டு மனதாக நின்றேன். கடைசியில் சொல்லவில்லை.

விதை போட்ட பிறகு ஒரு காலை அவள் என்னிடம் வந்தாள். மகள் என் இடுப்பில் இருந்தாள்.

"அம்மா, எதுக்கு எவ்வளவு ஒரம் போடுவீங்க?"

நான் உற்சாகமாக விளக்கினேன். கையால் காட்டி, இதற்கு ஒரு பங்கு, இதற்கு இரண்டு பங்கு என்றேன். "இந்த நாலுக்கும் ஒண்டும் இல்லை. இதுகள் பட்டினிப் பாத்தி," என்றேன். அது என் கணவரும் அவருடைய சிநேகிதர்களும் விளையாட்டாகச் சொல்கிற சொல்.

அவள் மேலே பார்த்தாள். "அந்தப் பாறகிட்ட இருக்கிறதுமாங்க?"

"ஓம்."

"அத மட்டும் மாத்த முடியாதுங்களா?"

ஏன் என்று கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். சித்திரை மழையில் அவளுடைய மூன்று மாதப் பிள்ளை போய்விட்டது. தோட்டத்துச் சுடுகாடு ஆற்றுக்கு அந்தப் பக்கம். இரண்டு நாளாக ஆறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் அவளும் புருஷனுமாகப் பிள்ளையைத் துணியில் சுற்றி இந்தப் பாறையடியில் புதைத்துவிட்டு, ஆற்றைக் கடந்து சுடுகாட்டுக்கே போய் வந்ததாகக் கங்காணியிடம் சொல்லியிருக்கிறார்கள். கண்ட இடத்தில் புதைத்தது துரைக்குத் தெரிந்தால் வேலைப் புத்தகத்தில் பேரை வெட்டி, லயத்தில் குடியிருக்கிற காம்பராவையும் பூட்டிவிடுவார்கள் என்று அவர்களுக்குப் பயம்.

"மத்த நாலு புள்ளைகளுக்குச் சோறு போட்டுட்டு ஒரு புள்ளைய மட்டும் பாத்துக்கிட்டு நில்லுன்னா எப்பிடிங்கம்மா நிக்கிறது?" என்றாள். அழவில்லை. "நீங்க யாருகிட்டயும் சொல்லிறாதீங்க. ஐயாகிட்டயும் சொல்லாதீங்க. சத்தியம் பண்ணுங்க."

எதன் மேல் சத்தியம் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் என் மகளைப் பார்த்தாள். நான் மகளின் தலையில் கைவைத்து, சொல்லமாட்டேன் என்றேன். சொன்ன அடுத்த நிமிஷமே ஏன் அப்படிச் செய்தேன் என்று கையை இழுத்துக்கொண்டேன்.

அன்று பின்னேரம் என் கணவர் வந்தபோது மெல்லக் கேட்டுப் பார்த்தேன்.

"அந்த மேல் பாத்தியை மட்டும் வேறையொண்டோடை மாத்தினால் என்ன?"

"ஏன்?"

"சும்மா."

"சும்மா மாத்தினால் பேந்து முழுப் பரிசோதனையும் சும்மாதான். சீட்டு விழுந்தால் விழுந்ததுதான். நீர்தானே பிள்ளையைக் கொண்டு எடுப்பிச்சனீர்?"



உரம் வெள்ளையாக, சீனி போலப் பொலபொலவென்று இருக்கும்; மூக்கருகே கொண்டுபோனால் கண் எரியும். அளப்பதற்கு ஏற்ற பாத்திரம் இல்லாததால் மகளின் வெறும் பால்மா டின்களை எடுத்துக்கொண்டேன். எடைக்கு எத்தனை டின் என்று என் கணவர் தராசில் பார்த்துத் தந்தார். ஒவ்வொரு பாத்தியின் தலைமாட்டிலும் ஒரு டின்னை வைப்பேன். ஒன்றும் போடாத நாலு பாத்திக்கும் டின்னைக் கவிழ்த்து வைப்பேன். தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும், பிசகு வராது என்று எனக்கு நானே மெச்சிக்கொண்ட ஏற்பாடு அது.

முதல் தரம் உரம் போட்டு மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தேன். பன்னிரண்டாம் பாத்தியின் டின் நிமிர்ந்திருந்தது. காற்று என்று நினைத்துக் கவிழ்த்துவிட்டு வந்தேன். மறுநாளும் நிமிர்ந்திருந்தது. குனிந்து பார்த்தேன். உள்ளே கழுவியதுபோலச் சுத்தமாக இருந்தது. அடியில் மட்டும் வெள்ளையாக ஒரு சொட்டு நின்றது. உரம் கரைந்த தண்ணீரோ என்று விரலால் தொட்டு முகர்ந்தேன். கண் எரியவில்லை. எனக்கு நன்றாகப் பழக்கமான மணம்தான், ஆனால் டின் பாலின் மணம் இல்லை. வீட்டுக்கு வந்து கையைச் சாம்பல் போட்டுக் கழுவினேன். கொப்பியில் அதை எழுதவில்லை. எந்தப் பகுதியில் எழுதுவது?

அந்தப் பெண்ணிடம் கேட்கவும் இல்லை. தினமும் டின்னைக் கவிழ்த்துவிட்டு வருவேன்; தினமும் அது நிமிர்ந்திருக்கும். சில நாளில் அது ஒரு வீட்டு வேலையைப் போல ஆகிவிட்டது.

இரண்டாம் தரம் உரம் போடவேண்டிய கிழமையில் மகளுக்குக் காய்ச்சல். மூன்று நாளாக நான் சரியாகத் தூங்கவில்லை. என் கணவர் பசறையில். பிந்தினால் பரிசோதனை பழுதாகுமென்று மகளை முதுகில் சேலையால் கட்டிக்கொண்டு போனேன். பனிப்புகார் இறங்கியிருந்தது. நாலு பாத்திக்கு அப்பால் ஆள் தெரியாது. நான் டின்னை நிரப்பித் தர, அந்தப் பெண்ணும் மற்றவளும் வாங்கிக்கொண்டு போய்த் தூவினார்கள். ஒவ்வொன்றுக்கும் கொப்பியில் கோடு கிழித்தேன். எல்லாக் கோடும் சரியாக இருக்கிறது, இன்றைக்கும் எடுத்துப் பார்க்கலாம். ஆனால் ஒரு இடம் மட்டும் எனக்கு ஞாபகமில்லை. நான் பாறையடியில் நிற்கிறேன், கையில் டின் இருக்கிறது, மகளின் காய்ச்சல் மூச்சு என் கழுத்தில் படுகிறது. அங்கே எப்போது ஏறினேன், எதற்கு ஏறினேன், டின்னில் உரம் இருந்ததா, வெறும் டின்னா, எவ்வளவு யோசித்தும் வருவதில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தபோது நகத்துக்குள் வெள்ளைத் தூள் இருந்தது. நாள் முழுக்க உரம் அள்ளினவளுக்கு இருக்கத்தானே செய்யும்.

அடுத்த பத்து நாளில் சரிவு மாறிவிட்டது. இரட்டைப் பங்கு வாங்கிய பாத்திகள் இடுப்பளவு எழும்பிக் கரும்பச்சையாக நின்றன. ஒரு பங்கு வாங்கியவை கொஞ்சம் குறைவு. மூன்று பட்டினிப் பாத்திகள் மஞ்சளித்து, முழங்கால் உயரத்தில், நோயாளிப் பிள்ளைகள் மாதிரித் தள்ளாடின. நாலாவது, உச்சியில் இருந்தது, எல்லாவற்றையும்விட உயரமாக நின்றது. பச்சை என்று சொல்லமுடியாத நிறம். பார்த்துக்கொண்டே இருந்தால் கறுப்பாகத் தோன்றும். புகார் மூடுகிற நேரம் மற்றப் பதினொன்றும் மறைந்த பிறகும் அது மட்டும் தெரியும். காற்றில்லாத காலையில் மற்றவை அசையாமல் நிற்க, அதன் இலைகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் கேட்கும். மகளைத் தூங்கவைக்க வாயால் ஒரு சத்தம் எழுப்புவோமே, அதுபோல. நான் அதைக் கேட்டபடி நின்றுவிடுவேன். மகளும் முதுகில் கிடந்து தூங்கிப்போவாள். வீட்டில் அவ்வளவு சுலபமாகத் தூங்கமாட்டாள்.

என் கணவர் வந்து பார்த்துவிட்டுத் தாடையைச் சொறிந்தார். மேல் பாத்தியிலிருந்து மழைக்கு உரம் வடிந்து வந்ததோ என்றால், அதற்கு மேலே பாத்தியே இல்லை, பாறைதான். பழைய மாட்டுப் பட்டி இருந்த இடமோ என்று தோட்டத்து மாடுகளைப் பார்க்கிற மாட்டுக்காரரிடம் விசாரித்தார். மாட்டுக்காரர் இல்லை என்றார். "நிறுத்துப் பார்ப்பம்," என்று விட்டுவிட்டார். நான் உள்ளே போய் அரிசி களைந்தேன். சத்தியம் செய்திராவிட்டால் அப்போதே சொல்லியிருப்பேன். அல்லது சொல்லியிருக்கமாட்டேனோ என்னவோ.

பூ வந்ததும் வெட்டினோம். தை மாதம், பொங்கல் முடிந்த கிழமை. மேலிடத்திலிருந்து ஒரு பெரியவர் நேரில் வந்திருந்தார். எங்கள் ஊர்ப் பக்கத்து மனிதர். குடையை ஊன்றிக்கொண்டு சரிவில் ஏறினார். ஒவ்வொரு பாத்தியாக வெட்டிக் கட்டாகக் கட்டி, தராசில் மாட்டி நிறுக்க, நான் எழுதினேன். பன்னிரண்டாம் பாத்தியைக் கடைசியில் வெட்டினார்கள். அதை வெட்டியதும் அந்தப் பெண்தான். ஒவ்வொரு தண்டையும் ஒரு கையால் தாங்கி, மறுகையால் அறுத்து, நிலத்தில் போடாமல் தோளில் சாய்த்து வைத்தாள். அறுத்த தண்டிலிருந்து சாறு அவள் கை வழியே முழங்கை வரை ஒழுகியது.

நிறை, இரட்டைப் பங்கு பாத்திகளையும் தாண்டிப் போனது. தராசு பிழையோ என்று இரண்டாம் தரமும் மாட்டினார்கள். அதே நிறைதான்.

அந்த இடைவேளையில் மாட்டுக்காரர் ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு பிடி எடுத்துத் தோட்டத்துப் பசு ஒன்றுக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எதைப் போட்டாலும் தின்ற பசு, பன்னிரண்டாம் பாத்தியின் பிடியைத் தின்னவில்லை. முகர்ந்தது. பிறகு நக்கத் தொடங்கியது, கன்று போட்டதும் கன்றை நக்குவதுபோல, மேலிருந்து கீழாக, மெதுவாக.

"என்னாடி, தீனியக் கொஞ்சிக்கிட்டு நிக்கிற," என்று மாட்டுக்காரர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. பசுவின் மடியிலிருந்து பால் தானாக இறங்கி நிலத்தில் விழுந்துகொண்டிருந்தது. கன்று அங்கே இல்லை. தொழுவத்தில் கட்டிக் கிடந்தது. மாட்டுக்காரர் அந்தப் பிடியைக் காலால் தள்ளிவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

பெரியவர் அதைக் கவனிக்கவில்லை. அவர் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இது இரட்டைப் பங்கு போட்டதோ?"

"இல்லை ஐயா. ஒண்டும் போடாதது."

"ஒண்டும் போடாதது இப்பிடி வராது. ஆரோ போட்டிருக்கினம்."

கங்காணி தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். "கோள் சொல்றேன்னு நெனைக்காதீங்க. இந்தப் புள்ள விடிஞ்சா இங்கதாங்க நிக்குது. காலையில பெரட்டுக்குப் பேர் குடுக்க வர்றதுக்கு முன்னாடி இந்தப் பக்கமா வந்துட்டுத்தான் வருது. நானே ரெண்டு தடவ கண்டேன். இவ புருஷனுக்கு வேலையும் ஒர ஸ்டோர்லதான்."

"எதுக்கு வாறனீ?" என்று பெரியவர் அவளிடம் கேட்டார்.

அவள் கையில் ஒட்டிய சாற்றைச் சேலையில் துடைத்தாள்.

"வாயத் தொறந்து சொல்லு புள்ள. பெரியய்யா கேக்குறாருல்ல," என்றார் கங்காணி. பிறகு பெரியவரிடம், "தொரைகிட்டச் சொல்லிப் பேர நிப்பாட்டிறவாங்க? அப்பறம் காம்பராவ விட்டுக் கெளம்பச் சொன்னா எல்லாம் வெளிய வரும்," என்றார்.

அவள் கையில் கத்தி இருந்தது. அவள் கங்காணியைப் பார்க்கவில்லை, பெரியவரைப் பார்க்கவில்லை. என்னை மட்டும் பார்த்தாள். கெஞ்சவில்லை, நான் என்ன செய்யப்போகிறேன் என்று அறிய விரும்பியது போலத்தான் பார்த்தாள்.

"நான்தான் மாறிப் போட்டிட்டன்," என்றேன். "பிள்ளைக்குக் காய்ச்சல். டின் மாறிப்போச்சு. அந்தப் பிள்ளையிலை பிழையில்லை. நான் சொன்ன இடத்திலைதான் அவள் தூவினவள்."

பெரியவர் என்னையும் என் முதுகில் இருந்த மகளையும் பால்மா டின்களையும் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "தங்கச்சி, பால் டின்னாலை உரம் அளந்தால் இப்பிடித்தான். நல்லகாலம், உரத்தைக் கரைச்சுப் பிள்ளைக்குப் பருக்காமல் விட்டீர்." எல்லோரும் சிரித்தார்கள். என் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. பெரியவர் சிவப்புப் பென்சிலால் பன்னிரண்டாம் பாத்திக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். யோசித்துவிட்டு, ஒன்று மாறியிருந்தால் மற்றவையும் மாறியிருக்கலாம் என்று பக்கம் முழுவதற்கும் கோடு இழுத்தார். மூன்று மாத வேலை அத்துடன் போயிற்று.

பின்னேரம் தேத்தண்ணி கொடுத்தபோது என் கணவர் கேட்டார்.

"உண்மையாவே நீரோ?"

"ஓம்."

"ரண்டு தரமுமோ? ஒரு தரம் மாறினால் அவ்வளவு வளராது."

"ஓம்," என்றேன்.

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கோபிக்கவும் இல்லை. அதன் பிறகு எந்தக் கொப்பியையும் என்னிடம் தரவில்லை, அவ்வளவுதான். அடுத்த வருஷம் கிடைக்கவேண்டிய உயர்வும் கிடைக்காமல் அநுராதபுரத்துக்கு மாற்றினார்கள்.

தோட்டத்தைவிட்டு வருவதற்கு முன் இரண்டு காரியம் செய்தேன். மிச்ச உரச் சாக்கை அவர் இல்லாதபோது தராசில் மாட்டிப் பார்த்தேன். கொப்பிப்படி எவ்வளவு மிஞ்சியிருக்கவேண்டுமோ அவ்வளவு மிஞ்சியிருந்தது. அப்படியென்றால் நானும் மாறிப் போடவில்லை, அவளும் எங்கள் சாக்கிலிருந்து எடுக்கவில்லை. தோட்டத்து ஸ்டோரிலிருந்து அவள் புருஷன் கொண்டுவந்திருக்கலாமே என்று பட்டது. அதனால் இரண்டாவது காரியமாக அவளை வரச்சொல்லி நேராகவே கேட்டேன்.

"ஒரமா? நான் ஏங்கம்மா அத எடுக்கப்போறேன். கண்ணெரியுமில்ல அது. பச்சப் புள்ளைக்கு அதையா போடுவாங்க?" என்றாள். சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே சொன்னாள். "எனக்குப் பாலு இன்னும் நிக்கலைங்கம்மா. கட்டிக்கிட்டு வலிக்கும். கண்ட எடத்துல பீச்சி விடக்கூடாதுன்னுவாங்க. அதான் காலையில அந்த டின்னுல பீச்சி ஊத்திட்டுப் போவேன். அவ்வளவுதான்."

தினமும் ஒரு கை அளவு பால். முப்பது அடி நீளப் பாத்திக்கு அது எந்த மூலைக்குக் காணும்? படித்தவள் நான், எனக்குத் தெரியாதா? உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், அன்று என் மகள் அழுதபோது அந்தப் பெண் கையை நீட்டினாள். நான் மகளைக் கொடுத்தேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். நான் அடுப்படிக்குப் போய், வேண்டுமென்றே அதிக நேரம் நின்றேன். மகள் அன்று பின்னேரம் டின் பாலைத் தொடவில்லை.

இப்போது நாங்கள் மறுபடி பதுளைக்கு வந்துவிட்டோம். மகளுக்கு ஐந்து வயது தாண்டிவிட்டது. அவளுக்குக் கீழே ஒரு தம்பியும் இருக்கிறான். போன மாதம் பெரியாஸ்பத்திரியில் தம்பிக்கு மருந்து வாங்கக் காத்திருந்தபோது அந்தப் பெண்ணைக் கண்டேன். அதே தோட்டம், அதே லயம். இடுப்பில் ஒரு பிள்ளை, நன்றாக இருந்தது. மகளைக் கூப்பிட்டுத் தலையைத் தடவினாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"அங்க ஒண்ணும் போடுறதில்லைங்கம்மா இப்ப. எனக்கும் வேல சரியா இருக்கு. ஆனா பாறைக்கிட்ட மட்டும் புல்லு இன்னும் கறுப்பாத்தான் இருக்கு. மாடு வாய வைக்கிறதில்ல."

இதுவரைக்கும் நான் யாரிடமும் சொல்லாமல் சமாளித்து வந்தேன். இனிச் சமாளிக்கமுடியாதபடி ஒன்று நடந்துவிட்டது. இனிப்பு இறுங்கைத் திரும்பப் பயிரிட்டுப் பார்க்கச் சொல்லி என் கணவருக்கு உத்தரவு வந்திருக்கிறது. இடமும் அதே சரிவுதான். பழைய கொப்பியை அவர் எறியவில்லை என்பது எனக்கே இப்போதுதான் தெரிந்தது. போன ஞாயிற்றுக்கிழமை அதை விரித்துவைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்ச வாரும். உம்மடை கோடுகளைப் பாரும். ஒரு இடத்திலையும் பிழையில்லை. நீர் மாறிப் போட்டனீர் எண்டதை நான் ஒரு நாளும் நம்பேல்லை. அந்தப் பெட்டையைக் காப்பாத்தச் சொன்னனீர் எண்டு அப்பவே விளங்கினது. ஆனால் அவளும் போட்டிருக்கமாட்டாள். அந்த மூலை மண்ணிலை ஏதோ இருக்குது. மூண்டு அடிக்கு ஒரு குழி வெட்டி, தட்டுத் தட்டாய் மண் எடுத்து அனுப்பப்போறன். என்ன இருக்குதெண்டு தெரிஞ்சால் உம்மடை பேரும் தெளிஞ்சுபோம்."

இத்தனை வருஷமாக அவர் என் பெயரைத் தெளிவிக்கவேண்டும் என்று மனதில் வைத்திருந்திருக்கிறார். நான் என்ன சொல்வது? நல்லது என்றேன். வெட்டுவதற்குத் தோட்டத்திலேயே ஆள் கேட்டிருக்கிறார். அந்தக் கூட்டத்தில் அவளே வரக்கூடும்.

அவரிடம் உண்மையைச் சொன்னால் வெட்டமாட்டார், இரக்கமுள்ளவர். ஆனால் எழுத்தில் பொய் சொல்லவும்மாட்டார். அந்த மூலையை ஏன் விட்டாய் என்று மேலிடத்தில் கேட்டால் காரணத்தை எழுதுவார். எழுதியது துரையின் மேசைக்குப் போகும். அவளுக்குப் பேரும் காம்பராவும் போகும். அதற்கும் முதல், நான் என் மகளின் தலையில் கைவைத்துச் சொன்ன சொல் இருக்கிறது. சொல்லாமல் இருந்தால் பிள்ளையின் எலும்பு மம்பட்டியில் வரும். அவளுக்கு முன்கூட்டியே ஆள் அனுப்பி, எடுத்துக்கொண்டு போ என்று சொல்லலாம். ஒரு தாயிடம் போய் அதை எந்த வாயால் சொல்வது? சொன்னாலும், அந்த இடத்தைக் கிளறுவது சரிதானா என்பதே எனக்குத் தெரியவில்லை. அந்தப் பாத்தி எதனால் அப்படி வளர்ந்தது என்று தெரியாதவரை நான் எதைச் செய்தாலும் பிழை செய்கிறேனோ என்றுதான் இருக்கிறது.

என் தாயிடம் கேட்கமுடியாது, சத்தியம் அவளுக்கும் சேர்த்துத்தான். பெயர் போடாமல் உங்களிடம் சொல்வது சத்தியத்தை மீறுவதாகுமா என்றுகூட யோசித்தேன். யோசித்துவிட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் மழை விட்டதும் குழி வெட்ட நாள் வைத்துவிடுவார்கள். அதிகம் போனால் இரண்டு கிழமை.

பிள்ளை பெற்றவர்கள், பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். என் கணவரிடம் நான் சொல்வதா, அவளிடம் சொல்வதா, வாயை மூடிக்கொண்டிருப்பதா? என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.